மண்சரிவா, மண் அமர்வா: வீட்டுக் காப்பீட்டு நிராகரிப்புக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. இடுக்கி மாவட்டத்தில் கம்பம்மெட்டிலிருந்து நெடுங்கண்டம் போகும் வழியில், சரிவு நிலத்தில் 2011இல் கட்டிய வீடு. பின்பக்க மேட்டை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பி, அதற்கு ஒரு கல்கட்டும் (மண்ணைத் தாங்கும் கல் தடுப்புச் சுவர்) எழுப்பியதால் வீட்டின் பாதி வெட்டுத்தரையிலும் பாதி நிரப்புத்தரையிலும் நிற்கிறது. சென்ற ஜூலையில் ஓர் இரவுப் பெருமழையில் மேல் நிலத்துக்காரரின் கல்கட்டு மண்ணோடு பெயர்ந்து வந்து உங்கள் சமையலறையின் பின்சுவரை உடைத்தது. அடுத்த இரண்டு நாட்களில் முன் ஹாலின் தரை இறங்கியது, சுவர்களில் வெடிப்பு விழுந்தது, உங்கள் கல்கட்டின் ஒரு பகுதியும் சரிந்தது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி 2022இல் எடுத்துக்கொடுத்த பாலிசி நடப்பில் இருக்கிறது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் தாமதமாக வந்து, அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போனார். "சேதம் நிரப்பு மண் அமர்ந்ததாலும் கட்டுமானக் குறையாலும் ஏற்பட்டது, இவை பாலிசியில் விலக்கப்பட்டவை" என்று இரண்டு வரியில் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. இதற்கிடையில், ஒரு சிறு தொகைக்குக் கையெழுத்துப் போட்டால் உடனே தருவதாகத் தொலைபேசியில் ஒருவர் சொல்கிறார். பாலிசியின் வாசகம் உண்மையிலேயே உங்களுக்கு எதிராக இருக்கிறதா என்பது கேள்வி.

ஒரு பகுதிக்கு எதிராக இருக்கக்கூடும். முழுச் சேதத்துக்கும் எதிராக இல்லை. மூன்று வெவ்வேறு சேதங்களை ஒரே காரணத்துக்குள் அடக்கிவிட்டதுதான் அந்தக் கடிதத்தின் பெரிய ஓட்டை. உங்கள் பதில் அதைத்தான் முதலில் பிரித்துக்காட்ட வேண்டும்.

அதற்கு முன் முழு பாலிசி வாசகம் உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கி வழியாக எடுத்த பாலிசிகளில் பெரும்பாலும் ஒரு பக்கச் சான்றிதழ் மட்டுமே வீட்டுக்காரரிடம் வந்து சேர்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் குடியிருப்பு வீடுகளுக்கு 'பாரத் கிருக ரக்‌ஷா' என்ற ஒரே தரப்படுத்திய பாலிசியைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஏற்பாடு செய்தது. உங்களுடையது 2022இல் எடுத்தது என்பதால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் கீழே எழுதுவது அந்த வாசகத்தை வைத்துத்தான். ஆனாலும் சான்றிதழில் உள்ள பெயரையும் எண்ணையும் குறிப்பிட்டு, இணைப்புகள் உட்பட முழு வாசகத்தையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விலக்கு விதிகளை உங்களிடம் தரவே இல்லை என்பது நிரூபணமானால் அதுவே ஒரு தனி வாதம். பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கைக் காட்டி கிளெய்மை, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை, மறுக்க முடியாது என்று மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கிலும் (2000), பாரத் வாட்ச் கம்பெனி வழக்கிலும் (2019) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை முதன்மை வாதமாக்க வேண்டாம், துணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. வாசகத்தின் மீதே வெல்லக்கூடிய இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று தொடங்குவது உங்கள் பக்கத்தைப் பலவீனமாகக் காட்டும்.

இப்போது வாசகத்துக்கு வருவோம். அந்தப் பாலிசியில் காப்பளிக்கும் நிகழ்வுகள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கான விலக்கும் எழுதப்பட்டிருக்கும். "வீட்டுக் கட்டடம் நிற்கும் நிலம் உள்வாங்குதல், மண்சரிவு, பாறைச்சரிவு" ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் உள்ளன. அதற்கு எதிரே ஐந்து விலக்குகள் இருக்கின்றன: புதிய கட்டடங்களில் இயல்பாக ஏற்படும் வெடிப்பும் அமர்தலும்; நிரப்பிய தரை அமர்வதோ நகர்வதோ; கடல் அல்லது ஆற்று அரிப்பு; குறையுள்ள வடிவமைப்பு, வேலைப்பாடு அல்லது பொருள்; இடிப்பு, கட்டுமானம், மாற்றம், பழுதுபார்ப்பு, மண்வேலை, தோண்டுதல். இந்த ஐந்துக்கும் முன்னால் "இவற்றால் ஏற்பட்டது" என்ற சொற்றொடர் நிற்கிறது. உங்கள் வழக்கின் பாதி பாரம் அந்தச் சொற்றொடரின் மேல்தான் இருக்கிறது. நிரப்பிய தரையில் வீடு நிற்கிறது என்பதற்காக எந்தச் சேதமும் விலக்குக்குள் போய்விடாது; சேதம் அந்தத் தரை அமர்ந்ததால் அல்லது நகர்ந்ததால் ஏற்பட்டிருக்க வேண்டும்.

அதை யார் நிரூபிப்பது என்பதில்தான் பலர் தடம் மாறிவிடுகிறார்கள். நிராகரிப்புக் கடிதம் வந்தவுடன், தம் வீடு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டது, எந்த மேஸ்திரி கட்டினார், எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்று நான்கு பக்கத்துக்கு எழுதி, நிறுவனம் சுமக்க வேண்டிய பாரத்தைத் தாமே தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். காப்பீட்டு வழக்கில் பாரம் இரண்டு படிகளாகப் பிரிகிறது. நடந்தது பாலிசி சொல்லும் நிகழ்வுகளுள் ஒன்று என்று காட்டுவது உங்கள் வேலை. அது விலக்குக்குள் விழுகிறது என்று காட்டுவது நிறுவனத்தின் வேலை. ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காப்பளிக்கும் விதியை விரிவாகவும் விலக்கு விதியைக் குறுக்கியும் படிக்க வேண்டும் என்பதை கனரா வங்கி எதிர் யுனைடெட் இந்தியா வழக்கில் (2020) அதே நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. ஆகவே உங்கள் பதிலின் தொனி "என் வீட்டில் குறை இல்லை" என்பதாக இருக்கக் கூடாது. "எந்தச் சுவர், எந்த விலக்கு, என்ன சோதனை, யார் கண்டது" என்று கேட்பதாக இருக்க வேண்டும்.

வாசகம் இரண்டு பொருள் தந்தால் எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இணையத்தில் படித்திருப்பீர்கள். 1966இல் சந்துமுல் ஜெயின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்ற கோட்பாடு அது. ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. வாசகம் தெளிவாக இருக்கும் இடத்தில் அந்தக் கோட்பாடு உதவாது. ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் (2004) பாலிசி 'வலிந்து நுழைதல்' என்று சொல்லியிருந்ததால், பூட்டு உடையாமல் நடந்த திருட்டுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது; சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும் என்றே நீதிமன்றம் சொன்னது. "நிரப்பிய தரை" என்ற விலக்கில் எனக்குக் குழப்பம் எதுவும் தெரியவில்லை. எனவே அந்தச் சொல் தெளிவற்றது என்று வாதாடி நேரத்தை வீணாக்காமல், உண்மை நிகழ்வு அதற்குள் வருகிறதா என்பதில் நில்லுங்கள்.

இனி சேதங்களைப் பிரிப்போம். சமையலறைதான் உங்கள் மிக வலுவான இடம். அதன் பின்சுவரை உடைத்தது உங்கள் நிரப்பு மண் இல்லை. மேல் நிலத்திலிருந்து வந்த மண்ணும், அடுத்தவரின் கல்கட்டும். சமையலறையோ வெட்டுத்தரையில், அதாவது இயற்கையான கெட்டி நிலத்தில் நிற்கிறது. அங்கே நிரப்பு மண் அமர்ந்தது என்று சொல்ல அடிப்படையே இல்லை. இதை மண்சரிவு என்ற தலைப்பின் கீழ் கேளுங்கள். அத்துடன் மாற்று வாதமாக இன்னொரு தலைப்பையும் சேருங்கள். பாலிசியில் 'மோதல் சேதம்' என்று தனியாக ஒரு நிகழ்வு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருள் மோதினாலும் ஏற்படும் சேதம் அதில் அடங்கும். எடுத்துக்காட்டாக வாகனம், விழும் மரம், விமானம் ஆகியவற்றோடு சுவரையும் அந்த வாசகமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மண்சரிவுக்கு எதிரே எழுதிய ஐந்து விலக்குகள் மோதல் சேதத்துக்கு எதிரே இல்லை. அங்கே இருப்பது ஒலிவேகத்தில் பறக்கும் விமானங்களின் அழுத்த அலை பற்றிய விலக்கு மட்டுமே. அடுத்தவரின் கல்கட்டு வந்து விழுந்து உங்கள் சுவர் உடைந்தது என்பது இந்தத் தலைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. சுவரைத் தள்ளியது மண்தானே என்று நிறுவனம் சொன்னால், அப்போது அது மண்சரிவை ஒப்புக்கொண்டதாகிவிடும். எந்த வழியில் போனாலும் காப்பளிக்கப்பட்ட நிகழ்வுதான்.

இங்கே நிறுவனம் எடுக்கக்கூடிய மறுவாதம் ஒன்று உண்டு: "நீங்கள் பின்மேட்டை வெட்டியதால்தான் சரிவு வந்தது, தோண்டுதல் விலக்கப்பட்டது" என்று. இதற்குப் பதில் முதன்மைக் காரணம் என்ற கோட்பாட்டில் இருக்கிறது. ஜுவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (2009) மின்கோளாறால் எழுந்த தீ, மின்தடை, அதனால் பாய்லர் சேதம் என்று சங்கிலியாக நிகழ்வுகள் நடந்தன. அந்தச் சங்கிலியை இயக்கிவிட்ட செயலூக்கமான காரணம் தீதான் என்று கண்டு உச்ச நீதிமன்றம் பாலிசிதாரருக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2011இல் வெட்டிய மேடு 2018 மழையில் அசையாமல் நின்றது என்பது உங்களுக்குப் பெரிய பலம். 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் இயல்பைவிட ஏறத்தாழ 42 சதவீதம் அதிக மழை பெய்தபோது, இடுக்கி மாவட்டத்தில் மட்டும் அது 92 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த மழையைத் தாங்கிய வெட்டுமேட்டை இப்போது சேதத்தின் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், நிறுவனம் அதற்கென்று ஒரு மண்ணியல் அறிக்கையையாவது வைக்க வேண்டும். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கடந்த ஓரிரு ஆண்டுகளில் ஜேசிபி வைத்துப் பின்பக்கம் வழியோ இடமோ அகலப்படுத்தியிருந்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் வெளிவந்தால் வலுவான பகுதியும் சேர்ந்து கெட்டுவிடும்.

முன் ஹால் கடினமான பகுதி. அது நிற்பது நிரப்புத்தரையில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த விலக்கு நேராக அதைப் பற்றித்தான் பேசுகிறது. இருந்தாலும் கதை இங்கே முடிந்துவிடவில்லை. முதலில் பார்க்க வேண்டியது அடித்தளம் எங்கே நிற்கிறது என்பது. தூண்களின் ஃபூட்டிங் (தூணைத் தாங்கும் அடித்தளப் பாதம்) நிரப்பு மண்ணைத் தாண்டி அடியிலுள்ள கெட்டி மண்ணில் ஊன்றியிருந்தால், நிரப்பு மண் அமரும்போது தரை மட்டும்தான் இறங்கும்; சுவருக்கும் தரைக்கும் இடையில் இடைவெளி தெரியும், சுவர் பெரிதாக வெடிக்காது. சுவர்களில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல வெடிப்பு ஓடியிருந்தால் அடித்தளமே நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் கேள்வி வேறாகிறது: நகர்ந்தது நிரப்பு மண்ணா, அதற்குக் கீழே இருந்த இயற்கை நிலமா? இயற்கை நிலமே உள்வாங்கியிருந்தால் அது காப்பளிக்கப்பட்ட நிகழ்வு. மேலே நிரப்பு மண் இருந்தது என்பது தற்செயல்.

இடுக்கி மலைகளில் இது வெறும் வாதத்துக்காகச் சொல்வது இல்லை. மழைநீர் மண்ணுக்கடியில் களிமண்ணை அரித்துக் குழாய்போலப் பொந்துகளை உண்டாக்கி, ஒரு நாள் மேல்நிலம் திடீரென இறங்கிவிடும் நிகழ்வைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் கேரள மேட்டு நிலங்களில் ஆராய்ந்திருக்கிறது. உங்கள் ஹாலின் அடியில் அப்படி நடந்ததா என்று எனக்கும் தெரியாது, அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போன சர்வேயருக்கும் தெரியாது. அதைத்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அடித்தளத்தை ஒட்டி ஒரு சோதனைக் குழி தோண்டி, நிரப்பு மண்ணின் ஆழத்தையும் ஃபூட்டிங்கின் மட்டத்தையும் அளந்து, படங்களோடு ஓர் அறிக்கை தரும்படி கட்டட அமைப்பியல் தெரிந்த ஒரு பொறியாளரை ஏற்பாடு செய்யுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் இந்த விவகாரத்தில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவாக இருக்கும். நிரப்பு மண் பொதுவாக முதல் சில மழைக்காலங்களிலேயே பெரும்பாலும் அமர்ந்துவிடும், பத்தாண்டுக்கு மேல் நின்ற தரை இரண்டே நாளில் இறங்கியது ஏன் என்ற கேள்விக்கும் அவர் பதில் எழுதட்டும்.

இந்தப் பகுதியில் நீங்கள் தோற்கவும் கூடும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. மழை, மேலிருந்து வந்த மண்ணின் பாரம், நிரப்பு மண்ணின் நகர்வு என்று பல காரணங்கள் சமமாகச் சேர்ந்து சேதம் செய்திருந்து, அவற்றில் ஒன்று விலக்கப்பட்டதாக இருந்தால், விலக்கு மேலோங்கும் என்பது 1973இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வேய்ன் டாங்க் வழக்கில் எடுத்த நிலை. இங்கே நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதை எடுத்துவருவது வழக்கம். ஆகவே ஹாலையும் சமையலறையையும் ஒரே தொகையாக ஒருபோதும் கேட்காதீர்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்படி தனித்தனி மதிப்பீடு, தனித்தனித் தலைப்பு, தனித்தனிப் படங்கள் என்று வையுங்கள்.

'புதிய கட்டடத்தின் இயல்பான அமர்தல்' 2011இல் கட்டிய வீட்டைத் தொடாது என்பதால் அதற்கு ஒரு வரி போதும். 'கட்டுமானக் குறை' என்பதைக் குறிப்பாகச் சொல்லும்படி கேளுங்கள். எந்த உறுப்பில், எந்த அளவுகோலின்படி, என்ன குறை? குறை இருக்கிறது என்று பொதுவாக எழுதுவது எந்த வீட்டைப் பற்றியும் எழுதக்கூடியது.

உங்கள் சொந்தக் கல்கட்டு பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அது பாலிசியில் வராது என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வரும். பாரத் கிருக ரக்‌ஷாவில் 'வீட்டுக் கட்டடம்' என்பதன் விளக்கத்திலேயே சுற்றுச்சுவர், வேலி, வாயில், தடுப்புச் சுவர், உள்வழி, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டாங்க் எல்லாம் கூடுதல் கட்டமைப்புகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை கார்ப்பெட் ஏரியாவை (சுவர்களுக்குள் பயன்படும் தரைப்பரப்பை) கட்டுமானச் செலவு வீதத்தால் பெருக்கி வருகிறது. இந்தக் கூடுதல் கட்டமைப்புகளுக்கோ நீங்கள் அறிவித்து நிறுவனம் ஏற்ற தொகைதான் கணக்கு. வங்கி விண்ணப்பத்தை நிரப்பியபோது அந்தக் கட்டத்தில் என்ன எழுதியது என்று பாருங்கள். தொகை எழுதியிருந்தால் கேளுங்கள். ஆனால் உங்கள் கல்கட்டில் நீர் வடியும் துளைகள் இல்லையென்றாலோ, இருந்தவை மண் அடைத்துக் கிடந்தாலோ, வேலைப்பாட்டுக் குறை என்ற விலக்கு உண்மையிலேயே கடிக்கக்கூடிய ஓர் இடம் அதுதான். சரிந்துபோகாமல் மிச்சம் நிற்கும் பகுதியில் துளைகள் தெரிந்தால் இன்றே படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து சர்வேயர் அறிக்கை. அதன் நகலை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிராகரிப்புக் கடிதம் இரண்டு வரிதான், அறிக்கையில்தான் அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது இருக்கும். நான் படித்த இத்தகைய அறிக்கைகளில் பெரும்பாலானவற்றில் காரணம் பற்றிய முடிவு, "கண்ணால் பார்த்த அளவில்" என்று தொடங்கும் ஒற்றை வாக்கியம்; அளவு, மட்டம், மண் சோதனை எதுவும் இருக்காது. சர்வேயர் அறிக்கை முக்கியமானது என்றாலும் அதுவே இறுதிச் சொல் ஆகாது, தக்க காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்பது பிரதீப் குமார் வழக்கின் (2009) தீர்ப்பு. தாமதத்தையும் பதிவு செய்யுங்கள். 2024 ஜூனில் வந்த ஐஆர்டிஏஐயின் தலைமைச் சுற்றறிக்கையின்படி கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்தில் சர்வேயரை ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சமையலறையில் குவிந்த மண்ணை நீங்கள் வாரிப் போட்ட பிறகு அவர் வந்தார் என்றால், மண்சரிவின் தடயம் காணவில்லை என்று அவர் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பு இல்லை.

அந்தத் தடயம் வேறு இடங்களில் இருக்கும். மறுநாள் வில்லேஜ் ஆபீசர் வந்து பார்த்தாரா? பஞ்சாயத்திலிருந்து நிவாரணத்துக்காகப் பொறியாளர் வந்து சேத அளவு எழுதினாரா? அந்தக் கோப்புகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். காப்பீட்டுத் தகராறு தொடங்கும் முன், அதில் சம்பந்தமே இல்லாத அதிகாரி எழுதிய குறிப்பு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. புதிதாகச் சான்று வாங்குவதானால், மழையால் வீடு சேதமடைந்தது என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மண் எந்த சர்வே எண் நிலத்திலிருந்து பெயர்ந்தது, எந்தச் சுவரில் விழுந்தது, எவ்வளவு உயரம் குவிந்தது என்பதை எழுதும்படி கேளுங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. மனுவை மலையாளத்தில் எழுதித்தர ஆள் தேடி நாளைக் கடத்த வேண்டாம். அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் அந்த நாள் அளவையும் வாங்கி வையுங்கள். 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டரைத் தொட்டால் வானிலைத் துறை அதை மிகக் கனமழை என்கிறது, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. கம்பம் பக்கத்து அளவை வைத்து யாரும் பேச விடாதீர்கள். மெட்டுக்குக் கீழே தூறலாக இருக்கும்போது மேலே கொட்டித் தீர்ப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், வேறு ஊரில் அமர்ந்து கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

பதில் கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்புங்கள். அதில் ஒரு பத்தியை, நிராகரிப்புக் கடிதத்தில் சொன்ன காரணங்களைத் தவிர வேறெதையும் பின்னர் எழுப்ப முடியாது என்பதைப் பதிவு செய்ய ஒதுக்குங்கள். சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் வகுத்த விதி அது. மேட்டை வெட்டியது பற்றியோ, தாமதமாகத் தெரிவித்தது பற்றியோ, மேல்மாடியில் ஷீட் கூரை போட்டிருந்தால் அது பற்றியோ இப்போதைய கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நீங்களாக அவற்றை எழுப்பிக் கொடுக்காதீர்கள், கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். ஷீட் போட்டது பற்றி உங்களுக்குக் கவலை இருந்தால், பாலிசி தொடங்கியபோது இருந்த கார்ப்பெட் ஏரியாவை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிய மாற்றம்தான் சிக்கல் தரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

தொலைபேசியில் சொன்ன சிறு தொகைக்கு, 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதில் கையெழுத்திடாதீர்கள். வற்புறுத்தியோ தவறாகச் சொல்லியோ வாங்கிய ரசீது உங்கள் உரிமையை அடைத்துவிடாது என்று அஜ்மேர் சிங் காட்டன் வழக்கில் (1999) தீர்ப்பு உண்டுதான். ஆனால் வற்புறுத்தல் நடந்தது என்பதை நிரூபிக்கும் வேலை உங்களுடையதாகிவிடும். பணத்தேவை அவசரமாக இருந்தால், ஆட்சேபணையுடன், பகுதித் தொகையாகப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் அந்த மறுப்பையும் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நீங்கள் மேலே போகலாம். எல்லைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடமோ, நிறுவனத்தின் கிளை இருக்கும் இடமோ, எது எந்த ஓம்புட்ஸ்மேனின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போகலாம் என்பது விதி. வீடு இடுக்கியில் இருப்பதால் கொச்சி அலுவலகம். பாலிசியைத் தேனியிலோ மதுரையிலோ உள்ள கிளை கொடுத்திருந்தால் சென்னை அலுவலகமும் திறந்திருக்கிறது. நானாக இருந்தால் கொச்சிக்குத்தான் போவேன். உங்கள் ஆவணங்களில் பாதி மலையாளத்தில் இருக்கும், இடுக்கி மண்ணைப் பற்றி அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதும் கட்டணம் எவ்வளவு என்பதும் இப்போது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்தே முடிவாவதால், பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருக்கும் உங்களுக்குக் கட்டணமே இல்லை. ஹால் பகுதிதான் உங்கள் இழப்பில் பெரிய தொகை என்றால், இடத்தைப் பார்க்க நிபுணர் ஒருவரை நியமிக்கும்படி கேட்க முடிகிற ஆணையமே பொருத்தம். சமையலறைதான் பெரிது என்றால் ஓம்புட்ஸ்மேன் போதும், விரைவும் கூட. இரண்டிலும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பதால் பொறியாளரின் அறிக்கையும் மதிப்பீடும் வந்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

தொகையைப் பற்றி இரண்டு விஷயங்கள். இந்தப் பாலிசியில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே உயரும், குறைகாப்பீடு (மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு) என்று சொல்லித் தொகையைச் சரிவிகிதமாக வெட்டும் முறையும் இல்லை. அப்படி ஏதாவது கழித்தால் எதிர்த்து எழுதுங்கள். இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் முதலியோரின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தனியாகக் கிடைக்கும். அவற்றுக்கான ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பதால் வரும் பணம் முதலில் உங்கள் கடன் கணக்குக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. அதைக் கடனில் கழிக்காமல் பழுதுபார்ப்புக்கு விடுவிக்கும்படி கிளை மேலாளருக்கு இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.